கம்பு சுற்ற நாம் வேண்டும். ஆசானாக நாம் வேண்டாமா?

சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஒன்றிய அரசு தரும் விருதின் பெயர் துரோணாச்சாரியா விருது. 1985 முதல் கொடுத்து வருகிறார்கள். துரோணர் யார்? தன்னிடம் நேராகப் பயிலாமலே வில்வித்தையில் தேர்ந்த வேடர் குலத்துப் பையனிடம், குருதட்சணையாக வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர். மாணவனின் விரலைப் பறித்த வாத்தியார் பெயரில், வாத்தியார்களுக்கு விருது! நாற்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் மேடையில் வாசிக்கப்படுகிறது. நாமும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏகலைவன் கதையை நாம் எப்போதும் ஒரு மாணவனின் கதையாகத்தான் பேசுகிறோம். திறமை இருந்தும் வஞ்சிக்கப்பட்டவன் என்று வருத்தப்படுகிறோம். அதை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அர்ஜுனனை மிஞ்ச ஒருவனும் இருக்கக் கூடாது என்பது கதை சொல்லும் காரணம். ஆனால் விரல் போனதால் அந்தக் காட்டில் என்ன நடக்காமல் போனது? ஏகலைவன் நாளைக்கு நான்கு பிள்ளைகளைக் கூட்டிவைத்து வில் பிடிக்கச் சொல்லித்தருவது நடக்காமல் போனது. அரண்மனைக்கு வெளியே ஒரு பயிற்சிக்கூடம் உருவாகாமல் போனது. வெட்டப்பட்டது ஒரு மாணவனின் விரல். தடுக்கப்பட்டது ஓர் ஆசான்.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். சாதி நம் உடல்வலிமையை ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வயலுக்கு வேண்டும், காவலுக்கு வேண்டும், படைக்கு வேண்டும், தேர்தல் நேரத்தில் அடியாளாக வேண்டும், திருவிழாவில் சாமிக்கு முன்னால் கம்பு சுற்ற வேண்டும். அது தர மறுப்பது ஒரே ஓர் இடத்தை. கற்றுக்கொடுக்கும் இடம். அந்த இடத்தில் ஒருவர் வாழ்நாள் முழுக்க நின்று காட்டினார். அவர் பெயர் லஹுஜி ராகோஜி சால்வே. தமிழ்நாட்டில் சிலம்பம் பழகும் பிள்ளைகளில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அரிது.

முதலில் படைக்கதையைப் பார்த்துவிடுவோம். 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகாவ் போர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். அங்குள்ள நினைவுத்தூணில் பொறிக்கப்பட்ட பெயர்களில் 22 மகர்களுடையவை. மதராஸ் படையிலும் பறையர்கள் திரளாக இருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்காலம் நம் ஆட்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டார்கள். பிறகு என்ன ஆனது? 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் 'வீர இனங்கள்' என்று ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். போர் செய்வதற்கென்றே பிறந்த சாதிகள் சில உண்டு, மற்றவர்கள் அதற்கு லாயக்கில்லை என்றார்கள். அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் முதன்மையானவர், 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ். 1890-களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நூறு ஆண்டு சண்டை போட்டுக் காட்டியவர்கள் ஒரே உத்தரவில் வீரமற்றவர்களானார்கள். சுபேதார் மேஜர் பதவி வரை போன ராம்ஜி சக்பாலின் மகன் பீமராவ் அப்போது கைக்குழந்தை.

இந்த வரலாறு சொல்லும் பாடம் எளிது. ஆயுதத்தை யாரோ ஒருவர் உன் கையில் கொடுத்தால், அவரே அதைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியும். வித்தை உன்னுடையதாக, உன் கூடத்தில், உன் பிள்ளைகளுக்கு நீ சொல்லித்தருவதாக இருந்தால் அதைப் பிடுங்க ஓர் உத்தரவு போதாது.

இப்போது புனே நகரத்துக்கு வாருங்கள். 1855-இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் முக்தா சால்வே. வயது 14. மாங் சாதியில் பிறந்தவர். ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் மூன்றாண்டு படித்தவர். மாங்குகளும் மகர்களும் பட்ட துயரத்தைப் பற்றி அந்தச் சிறுமி எழுதினாள். அதில் ஒரு செய்தி வருகிறது. பேஷ்வா பாஜிராவ் காலத்தில் ஒரு மாங்கோ மகரோ தாலிமுக்கு முன்னால் நடந்து போய்விட்டால், அவர் தலையை வெட்டி, அதைப் பந்தாகவும் வாளை மட்டையாகவும் வைத்து மைதானத்தில் விளையாடினார்களாம்.

தாலிம் என்றால் பயிற்சிக்கூடம். மல்யுத்தமும் வாளும் கம்பும் பழகும் இடம். நம் ஊரில் சிலம்பக்கூடம் என்று சொல்வோமே, அதுபோல. உள்ளே போய்ப் பழகுவதை விடுங்கள், வாசல் வழியாக நடந்துபோனதற்குத் தண்டனை மரணம்.

அதே புனேயில், அதே மாங் சாதியில் பிறந்த ஒருவர் தானே ஒரு தாலிமைத் தொடங்கி நடத்தினார். அவர்தான் லஹுஜி. முக்தா அவருடைய குடும்பத்துப் பெண் என்று சொல்கிறார்கள். லஹுஜி 1794-இல் புரந்தர் கோட்டை அடிவாரத்துப் பேட் கிராமத்தில் பிறந்தார். அப்பா ராகோஜி ஆயுதப் பயிற்சியில் பெயர் பெற்றவர். 1817-இல் ஆங்கிலேயருக்கும் பேஷ்வாவுக்கும் நடந்த கட்கி போரில் உயிர்விட்டார். அவரிடமிருந்து வந்த வித்தை மகனிடம் நின்றது. மகன் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. புனேயின் கஞ்ச் பேட்டையில் கூடம் போட்டார். தண்டபட்டா, கம்பு, மல்யுத்தம், குறிபார்த்துச் சுடுதல் என்று சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1881-இல் தன் 86-ஆம் வயதில் கண்மூடும்வரை அவருடைய அடையாளம் ஒன்றுதான்: வஸ்தாது. மராத்தியில் பயிற்சிக்கூட ஆசானை அப்படித்தான் அழைப்பார்கள்.

அவரிடம் வந்து பயின்றவர்கள் யார்? மாலி சாதியில் பிறந்த ஜோதிராவ் பூலே. பிற்பாடு, 1879-இல் ஆங்கிலேயருக்கு எதிராக ஆயுதம் ஏந்திய வாசுதேவ் பல்வந்த் பட்கே. அவர் சித்பவன் பார்ப்பனர். தாலிம் வாசலில் நடந்தாலே தலை போகும் என்ற காலத்துக்கும், ஒரு மாங்கின் தாலிமுக்குள் பார்ப்பனப் பிள்ளை வந்து கம்பு பிடித்த காலத்துக்கும் இடையே எத்தனை ஆண்டு? ஒரு மனிதரின் ஆயுட்காலம். அந்த மாற்றம் மேலிருந்து யாரும் கொடுத்ததல்ல. தினமும் காலையில் கூடத்தைத் திறந்து வைத்த ஒரு மனிதர் அதில் பாதியைச் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பட்கேயை 'ஆயுதப் புரட்சியின் தந்தை' என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சொல்லிக்கொடுத்த ஆசான் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. இப்போது சிலர் லஹுஜியைத் தேடி எடுத்து மாலை போடுகிறார்கள். நல்லது. ஆனால் எந்த லஹுஜியை? தேசத்துக்காக வாள் கொடுத்த வீரக் குருவை மட்டும். பூலேயின் பள்ளிக்குத் தன் சாதிப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போன லஹுஜியை, அந்தப் பள்ளிக்கு ஆபத்து வந்தபோது அரணாக நின்ற லஹுஜியை அந்தப் படத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டார். மீசையும் வாளும் வேண்டும். பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் வேண்டாம்.

என் பார்வையில் லஹுஜியின் சாதனை அந்தப் பள்ளியில்தான் இருக்கிறது. அவர் கூடத்தில் கம்பு பழகிய ஜோதிராவ் 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தீண்டப்படாத பிள்ளைகளுக்கும் திறந்தார். அந்தப் பள்ளியில் சால்வே வீட்டுப் பெண் உட்கார்ந்து எழுதினாள். எதை எழுதினாள்? தாலிம் வாசலில் வெட்டப்பட்ட தலைகளைப் பற்றி எழுதினாள். வாள் பழகிய குடும்பம் மூன்றே ஆண்டில் பேனா பிடித்து, வாள் செய்த கொடுமைக்குச் சாட்சி சொன்னது. தற்காப்புக் கலைக்கு இதைவிடப் பெரிய பலன் இருக்க முடியுமா?

இது புனேயில் மட்டும் நடந்ததல்ல. நம் பக்கத்துத் திருவிதாங்கூரில் அய்யன்காளி இருந்தார். 1893-இல், புலையர்கள் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் வில்வண்டி கட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களை எதிர்கொண்டார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது. இளைஞர்களைத் திரட்டி அடிமுறை பழக்கி வைத்திருந்தார். அவர்களை 'அய்யன்காளிப் படை' என்றே சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் தன் படையை வைத்துக்கொண்டு கேட்டது என்ன? எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர் என்று கேட்டார். சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். லஹுஜிக்கும் அய்யன்காளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் இரண்டு பேருடைய பயிற்சிக்களத்திலிருந்தும் கிளம்பிய பாதை பள்ளிக்கூட வாசலில் போய்த்தான் நின்றது.

மகாதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். 1927 மார்ச்சில் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த நம்மவர்களில் முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். அண்ணல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊர் தாங்கியிருக்காது. அவர் அமைதி காக்கச் சொன்னார். அவர்களும் காத்தார்கள். தாக்கியவர்கள் மீது வழக்கு நடத்தப்பட்டது, தண்டனையும் கிடைத்தது. திருப்பி அடிக்கத் தெரியாதவன் அடிக்காமல் இருப்பதை அமைதி என்று சொல்ல முடியாது. அடிக்கத் தெரிந்தவர்கள், அடிக்க வேண்டாம் என்ற முடிவுக்குக் கட்டுப்பட்டு நின்றார்களே, அதற்குப் பெயர்தான் அமைதி. அந்தக் கட்டுப்பாடு பயிற்சி இல்லாமல் வராது. பின்னால் சமதா சைனிக் தளம் என்ற தொண்டர்படை இயக்கத்தின் அங்கமாக வளர்ந்ததும் இந்தப் புரிதலில்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் கலை சிலம்பம். நான் கம்பு பிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது; பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கி இருபது ஆண்டு இருக்கும். அந்த அனுபவத்தை வைத்துச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

சிலம்பத்தில் வழங்கும் பிரிவுகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். குறவஞ்சி, மறக்காணம், துளுக்காணம், பனையேறி மல்லு, கள்ளன் கம்பு, நாகதாளி. பனையேறுகிறவரும் குறவரும் பெயரிலேயே நிற்கிறார்கள். இந்தக் கலை ஒரு சாதியின் சொத்து என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பெயர்களை அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். உழைக்கிறவர்கள் பல பேர் சேர்ந்து வளர்த்த கலை இது. மாடு மேய்க்கப் போனவர் கையிலும் கம்பு இருந்தது, இரவுக் காவலுக்குப் போனவர் கையிலும் கம்பு இருந்தது. பறையடியும் சிலம்ப வரிசையும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி. அடி மாறினால் கால் மாறும்.

எனக்குச் சொல்லித்தந்த ஆசான் சேரிக்காரர். பகலில் கூலி வேலை, அந்தி சாய்ந்தால் கம்பு. சுற்றுவட்டாரத்தில் அவர் அளவுக்குச் சுருள்வாள் வீசத் தெரிந்தவர் இல்லை. ஊர்த்தெருவிலிருந்து வசதியான வீட்டுப் பையன்கள் அவரிடம் பழக வந்தார்கள். இருட்டிய பிறகு, தோப்புக்குள். வித்தை தொடங்கும்போது ஆசானின் காலைத் தொட்டு வணங்குவது வழக்கம் இல்லையா? அவர்கள் தரையைத் தொட்டு வணங்கிவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். தட்சணையை வெற்றிலையில் வைத்துத் தரையில் வைப்பார்கள், கையில் தரமாட்டார்கள். பகலில் கடைவீதியில் பார்த்தால் பெயர் சொல்லி 'வாடா' என்பார்கள். இரவில் ஆசான், பகலில் ஆள். அவரிடம் பழகிய ஒருவர் பிற்பாடு பெரிய பயிற்சிக்கூடம் நடத்தினார். சுவரில் குரு பரம்பரை என்று படங்கள் மாட்டியிருந்தார். எங்கள் ஆசான் படம் அதில் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் முதன்முறையாகக் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழுக்கு மதிப்பு வந்திருக்கிறது. பள்ளிகளில் தனியாகக் கட்டணம் வாங்கிச் சொல்லித்தருகிறார்கள். இதில் சந்தோஷப்பட நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு கலைக்குக் காசும் சான்றிதழும் வரும்போது அதைக் காப்பாற்றியவர்கள் வெளியே நிற்க வைக்கப்படுவதை நாம் வேறு கலைகளில் பார்த்திருக்கிறோம். பயிற்சியாளர் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கிறது? சங்கங்களின் நிர்வாகிகள் பட்டியலில் யார் இருக்கிறார்கள்? போட்டிக்கு நுழைவுக்கட்டணமும் உடையும் பயணச்செலவும் யாரால் கட்ட முடிகிறது? உங்கள் மாவட்டத்தில் இந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதைவிட ஆபத்தான ஒன்றும் நடக்கிறது. பயிற்சிக்கூடம் சாதிக்கூடமாக மாறுவது. சாதிக் கட்சியின் நிறத்தில் பனியன், சாதித் தலைவர் படத்துக்குக் கீழே வணக்கம், 'ஆண்ட பரம்பரை' பாட்டுக்குக் கம்பு வீச்சு. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு போகும் மாநிலம் இது. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவரை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்த பகை என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டில் ஜெயித்த கைக்கு விரல் தண்டனை. துரோணர் கதை பழசு என்று யார் சொன்னது?

இந்தச் சூழலில்தான் உங்களிடம் கேட்கிறேன்: கம்பு எடுங்கள். பழகுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஆசானாகுங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். 'வன்முறைக்குத் தூண்டுகிறீர்களா? சட்டம் இருக்கும்போது கம்பு எதற்கு?' சட்டத்தையே பார்ப்போம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. 1995-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3-ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில், தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. நம்மால் நம்மைக் காத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. ஆபத்து நீங்கிய பிறகு அடிப்பது தற்காப்பு ஆகாது. தேவைக்கு மேல் அடிப்பதும் ஆகாது. நம் மீது வன்கொடுமை நடந்தால் மறுநாளே நம் பிள்ளைகள் மேல் எதிர்வழக்கு போடுவது வாடிக்கை. ஊர்ப் பிரச்சினைக்குக் கம்போடு போய் நிற்கிறவன் அந்த எதிர்வழக்குக்குத் தானே சாட்சி தயார் செய்து கொடுக்கிறான். ஆகவே என் மாணவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது: கம்பு கூடத்தில் இருக்கட்டும், வித்தை உன் உடம்பில் இருக்கட்டும்.

அப்படியானால் பழகி என்ன பயன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சேர்ந்த முதல் மாதம் பிள்ளைகள் கையில் கம்பு தரமாட்டேன். காலடி மட்டும்தான். எங்கே நிற்பது, எப்படி நகர்வது, எப்படித் திரும்புவது. நம் தாத்தாக்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓரமாக நடந்தவர்கள். அந்த நடை எங்கே போய்விட்டது? பிள்ளைகளின் முதுகில் இன்னும் இருக்கிறது. அதிகாரி முன்னால், வாத்தியார் முன்னால், முதலாளி முன்னால் தோள் தானாகக் குறுகும். காலடி வரிசை அதை அவிழ்க்கிறது. இரண்டு கால்களிலும் எடையை வைத்து நிமிர்ந்து நிற்கப் பழகிய பிள்ளை, வகுப்பிலும் அப்படித்தான் நிற்கும்.

கம்பு கைக்கு வந்ததும் சொல்லித்தரும் முதல் விதி, எதிராளியின் கம்பைப் பார்க்காதே, கண்ணைப் பார் என்பது. கண்தான் முதலில் நகரும். கம்பு பிறகுதான் வரும். எந்த ஆசானும் சொல்லும் சாதாரணப் பாடம் இது. ஆனால் 'பெரியவங்க மூஞ்சியப் பாத்துப் பேசாத' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது சாதாரணப் பாடமா? கண்ணைப் பார்க்க ஒரு வாரம் ஆகும் சில பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் நாள். பார்க்கப் பழகிய பிறகு அவர்கள் யாரிடம் பேசினாலும் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

அடுத்தது தொடுமுறை. கம்பு நுனியில் பொடி தடவிக்கொண்டு விளையாடுவோம். எதிராளி உடலில் பட்ட அடையாளத்தை வைத்துப் புள்ளி. இதில் ஓங்கி அடிப்பவன் தோற்பான். தொட்டுவிட்டு விலகத் தெரிந்தவனே ஜெயிப்பான். கோபத்தில் வருகிறவனை எளிதாகத் தொட்டுவிடலாம். சாதிவெறியன் வேண்டுமென்றே நம்மைச் சீண்டுகிற நாட்டில், கோபத்தை எப்போது, எங்கே, எந்த அளவுக்கு வைத்துக்கொள்வது என்பதை உடலுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கடைசியாகக் கூடம் நடத்த நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தை.

கூடத்தில் சாதி அடையாளம் எதுவும் வேண்டாம். 'நாமும் ஆண்ட பரம்பரைதான்' என்ற பெருமையும் வேண்டாம். அவர்கள் சொன்னால் சாதிவெறி, நாம் சொன்னால் விழிப்புணர்வா? ஆண்டவனின் பேரன் என்று காட்டிக்கொள்ள அண்ணல் நமக்குச் சொல்லித்தரவில்லை. லஹுஜியைக் கொண்டாடுவது அவர் முன்னோர் கோட்டைக் காவலில் இருந்தார்கள் என்பதற்காக அல்ல. யாருக்கும் மூடாத ஒரு கூடத்தை அவர் நடத்தினார் என்பதற்காக. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேருங்கள். ஆனால் பட்டப்பகலில் வரச் சொல்லுங்கள். ஆசானை ஆசான் என்று அழைக்கச் சொல்லுங்கள். தட்சணையைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆசானுக்குக் கிடைக்காத மரியாதை அது.

பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். அவர்களில் ஒருத்தியையாவது சொல்லித்தரும் அளவுக்குத் தயார் செய்யுங்கள். அவள் நடத்தும் கூடத்துக்கு அம்மாக்கள் பயமில்லாமல் மகள்களை அனுப்புவார்கள்.

கூடத்தோடு ஒரு படிப்பு மூலையும் இருக்கட்டும். ஒரு மணி நேரம் கம்பு என்றால் ஒரு மணி நேரம் புத்தகம். பெரிய நூலகம் வேண்டாம். ஒரு பாய், ஒரு விளக்கு, நாலு புத்தகம் போதும். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போனவன் எத்தனை பதக்கம் வாங்கினாலும் அவனை யாராவது அடியாளாக்கப் பார்ப்பார்கள். அதற்கு வழிவிடாதீர்கள்.

போட்டிக்குப் போங்கள், சான்றிதழ் வாங்குங்கள். நடுவர் பயிற்சிக்கும் பயிற்சியாளர் தேர்வுக்கும் விண்ணப்பம் போடுங்கள். சங்கத் தேர்தலில் நில்லுங்கள். களத்தில் சுற்றுவது நாமாகவும், மேசைக்குப் பின்னால் மதிப்பெண் போடுகிறவர் எப்போதும் வேறொருவராகவும் இருப்பது இனிப் போதும்.

உங்கள் ஆசான்களின் பெயரை எழுதி வையுங்கள். எந்தச் சேரியில், எந்தத் தலைமுறையில், யார் யாருக்குச் சொல்லித்தந்தார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஏட்டிலும் ஏறாமலே போன ஆசான்கள் நம்மிடம் ஏராளம். லஹுஜியின் பெயர் நமக்குக் கிடைத்ததே, அவரிடம் பழகியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக ஆனதால்தான்.

1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் ஒரு கேள்வியை எழுப்புகிறார். இவ்வளவு கொடுமையையும் பொறுத்துக்கொண்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை? சதுர்வருணம் அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது, கல்வியையும் பறித்தது என்பது அவர் தரும் விடை. இரண்டையும் சேர்த்தே பறித்தார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே மீட்க வேண்டும். ஒரு கையில் கம்பைக் கொடுத்துவிட்டு மறுகையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கும் எந்த அமைப்பும், அது நம்முடைய கொடியைப் பிடித்தாலும், நம்முடையது அல்ல.

துரோணர் பெயரில் விருது கொடுப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கட்டும். இந்த வாரம் உங்கள் ஊரில் நாலு பிள்ளைகளைக் கூட்டுங்கள். மைதானம் வேண்டாம், தெருவிளக்கு வெளிச்சம் போதும். கம்பு வேண்டாம்; முதல் மாதம் காலடிதானே. தெருவிளக்கே இல்லையென்றால், ஊராட்சிக்கு மனு எழுதுவதைப் பிள்ளைகளின் முதல் பாடமாக வையுங்கள்.

ஜெய் பீம்!